ஹுல்ஹுமாலே இல்லை மக்களே, ஹுளுமாலே!

மக்களே, வணக்கம்! மாலத்தீவின் தலைநகர் மாலேயில், சந்தையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தேன். கையில் இருப்பது இளநீர், 40 ரூஃபியா. இந்த வீடியோவே அதை வாங்கும்போது நான் கற்ற ஒரு எழுத்துக்காகத்தான்.

எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் ‘எவ்வளவு’ என்று கேட்கக் கற்றுக்கொள்வேன், உங்களுக்குத் தெரியும். இந்த ஊர் மொழியான திவேஹியில் அது ‘கிஹாவரெ’. கடைசியில் தொண்டையில் டக்கென்று நிறுத்த வேண்டும். இளநீருக்கு ‘குரும்பா’. நம் குரும்பை மாதிரியே இருக்கிறதா? எனக்கு ரொம்பப் பிடித்த சொல் அதுதான்.

சரி, கேட்டேன். கடைக்காரப் பெரியவர் ‘ஸாளீஸ்’ என்றார். ஒன்றும் புரியவில்லை! ஒன்று முதல் பத்து வரை மனப்பாடம்: எகெ, தே, தினெ, ஹதரெ, ஃபஹெ... இது எதிலும் இல்லை. அவர் பத்து விரலையும் நான்கு தடவை விரித்துக் காட்டினார். நாற்பது! உடனே என் நோட்டைப் புரட்டினேன். அதில் ‘சால்ஹீஸ்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு ஆப்பில் பார்த்தது. ஆங்கில எழுத்தில் ‘எல்’லுக்குப் பக்கத்தில் ‘ஹெச்’ போட்டிருந்ததை அப்படியே ல்ஹ என்று படித்துவிட்டேன்.

பெரியவர் வாயைத் திறந்து, நாக்கு மேலே மடங்குவதைக் காட்டினார். மக்களே, அது நம் ள! சுத்தமான ள! மூன்று நாளாக ‘ரங்கல்ஹு’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அது ‘ரங்களு’. நல்லது என்று அர்த்தம். அந்த ஆப் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இவ்வளவு சுலபமான எழுத்தை இப்படியா மறைப்பது?

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். ‘ஹாலு கிஹினெ?’ என்றால் எப்படி இருக்கிறீர்கள். அதற்குப் பதில்தான் அந்த ரங்களு. நன்றிக்கு ‘ஷுகுரிய்யா’. லட்சத்தீவில் இருக்கும் மினிக்காய் பற்றிய என் வீடியோ பார்த்தவர்களுக்கு இதெல்லாம் காதில் விழுந்திருக்கும். அங்கே மஹல் என்று சொல்வதும் இதே மொழிதான்.

இங்கே எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், எதற்கு இந்தப் பாடு என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். நான் சரியாக ‘ஸாளீஸ்’ சொன்னதும் பெரியவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, என்னை மறுபடி சொல்லச் சொன்னார். அதற்குத்தான்!

இதோ, பாலம் வழியாக ஹுளுமாலே தீவுக்குப் போகிற பஸ் வருகிறது. 2018-ல் பாலம் திறக்கும் வரை அங்கே படகில்தான் போக வேண்டியிருந்தது. ஏறியதும் டிரைவரிடம் சத்தமாகச் சொல்லப் போகிறேன்: ஹுளுமாலே!