ரோடு ரோலரிடம் பெயர் வாங்கிய பேண்ட்

வணக்கம் மக்களே. பின்னால் கடகடவென்று கேட்கிறதே, அது மைக் கோளாறு இல்லை. கானாடுகாத்தானில் எங்கள் தெருவுக்கு இன்று தார் போடுகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து வேறு ஏதோ பேச வந்தேன். ரோடு ரோலரைப் பார்த்ததும் விஷயத்தை மாற்றிவிட்டேன்.

1966-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பேண்ட், அதாவது ராக் இசைக்குழு, தன் பெயரை ரோடு ரோலரிடமிருந்துதான் வாங்கியது. தெருவில் நின்ற வண்டியில் அதைச் செய்த கம்பெனியின் பெயர்ப் பலகை இருந்தது: பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட். அதையே வைத்துக்கொண்டார்கள். எங்கள் தெரு வண்டியில் 'முனீஸ்வரர் துணை' என்று எழுதியிருக்கிறது. அதுவும் நல்ல பெயர்தான்.

அவர்கள் சேர்ந்த கதை இன்னும் வேடிக்கை. ஸ்டீபன் ஸ்டில்ஸும் ரிச்சி ஃபியூரேயும் சன்செட் பூல்வார்டில் டிராஃபிக்கில் மாட்டி நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஒரு சவ வண்டி போகிறது, கனடாவின் ஒன்டாரியோ நம்பர் பிளேட்டோடு. முந்தைய வருஷம் கனடாவில் பழகிய கிட்டார்க்காரர் நீல் யங் இப்படியொரு வண்டியில்தான் சுற்றுவார் என்பது ஸ்டில்ஸுக்குப் பொறி தட்டியது. துரத்திப் பிடித்தால், யங்கேதான்! கூடவே பேஸ் கிட்டார் வாசிக்கும் புரூஸ் பாமர். சவம் எதிரே வந்தால் நல்ல சகுனம் என்பார்கள் எங்கள் அப்பத்தா. இங்கே சவம்கூட இல்லை, வெறும் வண்டிக்கே பலித்துவிட்டது. டிரம்ஸுக்கு டூயி மார்ட்டின் வந்தார், பேண்ட் தயார்.

அந்த வருஷக் கடைசியில் அதே சன்செட் பூல்வார்டில், சன்செட் ஸ்டிரிப் என்ற பகுதியில் ஒரு தகராறு. இளவட்டங்கள் கூடுகிறார்கள் என்று கடைக்காரர்கள் புகார் சொல்ல, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ராத்திரி 10 மணிக்கு மேல் நடமாடக் கூடாது என்ற சட்டத்தைக் கறாராகப் பிடித்தார்கள். நவம்பரில் எதிர்ப்பு, போலீஸ், கைது. அதைப் பார்த்து ஸ்டில்ஸ் எழுதியதுதான் 'ஃபார் வாட் இட்ஸ் வொர்த்'. நிறையப் பேர் இதை வியட்நாம் போர்ப் பாட்டு என்றே நினைக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்: ஆரம்பத்தில் யங்கின் கிட்டாரில் இரண்டே ஸ்வரம், தூரத்தில் மணி அடிக்கிற மாதிரி. யாரும் கத்துவதே இல்லை. பயம் அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது. பாட்டு அமெரிக்காவில் 7-வது இடம் வரை போனது. முதல் ஆல்பம் அதற்குள் கடைக்கு வந்திருந்ததால், வேறொரு பாட்டை எடுத்துவிட்டு இதைச் சேர்த்து மறுபடி அச்சடித்தார்கள்.

சரி, அப்புறம் ஏன் இரண்டே வருஷத்தில் உடைந்தது? பாமரை போதைப்பொருள் வழக்கில் நாடு கடத்தினார்கள், யங் போவதும் வருவதுமாக இருந்தார். ஆனால் எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. எங்கள் வீட்டு வளவை, அதாவது முற்றமும் சுற்றியுள்ள அறைகளும் சேர்ந்த உள்கட்டைச் சுற்றிக் காட்டுகிறேன், பாருங்கள். அந்தக் காலத்தில் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பார்கள்'. வீடு ஒன்றுதான், அடுப்பு தனி. இரண்டாம் கட்டில் அந்தப் பழைய அடுப்பு மேடைகள் இன்னும் வரிசையாக இருக்கின்றன, கரி படிந்தபடி. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்டில்ஸ், யங், ஃபியூரே மூன்று பேருமே பாட்டு எழுதுகிறவர்கள், அடுப்பு மட்டும் ஒன்று. மூன்றாவது ஆல்பத்துக்கு ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதிவு செய்ததை, கடைசியில் வந்து சேர்ந்த ஜிம் மெசினாவும் ஃபியூரேயும் தொகுக்க வேண்டியிருந்தது. அதன் அட்டையில் மற்றவர்கள் ஒரு பக்கம் பார்க்க, யங் மட்டும் எதிர்ப்பக்கம் பார்ப்பார். 1968 மே 5, லாங் பீச்சில் கடைசிக் கச்சேரி.

பிரிந்த பிறகுதான் அடுப்பு நன்றாக எரிந்தது. ஸ்டில்ஸ் சேர்ந்த அடுத்த குழுவின் பெயரே கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ். அவரவர் பெயரை வாசலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள், அதாவது முதல் நாளே வேறு வைத்தாயிற்று. 1969-ல் யங்கும் அதில் போய்ச் சேர்ந்தார்! ஃபியூரேயும் மெசினாவும் தொடங்கிய போக்கோ என்ற குழு, அமெரிக்க நாட்டுப்புற இசையும் ராக்கும் கலந்த கன்ட்ரி ராக்குக்கு வழி போட்டது. பின்னாளில் அதே பாணியில் பேர் வாங்கிய ஈகிள்ஸ் குழுவில் அடுத்தடுத்து பேஸ் வாசித்த இரண்டு பேரும் போக்கோவில் இருந்தவர்கள்.

மொத்தம் 3 ஆல்பம்தான். காரைக்குடியில் பஸ் ஏறினால் மதுரை போவதற்குள் கேட்டு முடித்துவிடலாம். இரண்டாவதில் ஆரம்பியுங்கள். ரோலர் மறுபடி இந்தப் பக்கம் வருகிறது, இனி நான் பேசினால் உங்களுக்குக் கேட்காது.