கிணற்றுக்குள் எலக்ட்ரான்: சுகர் ஸ்ட்ரிப்பும் ஒரு தங்கத் துகளும்

(திரையில்: விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், பக்கத்தில் ஸ்ட்ரிப்)

வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கம்தான். ஒரு குத்து, ஒரு சொட்டு, சில விநாடிகளில் ஓர் எண். ஆனால் அந்த மீட்டருக்குச் சர்க்கரை என்றால் என்னவென்றே தெரியாது. அது அளப்பது மின்னோட்டத்தை.

ஸ்ட்ரிப்பில் ஒரு நொதி காய்ந்து ஒட்டியிருக்கிறது. பல ஸ்ட்ரிப்புகளில் அது குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ். வெங்காயத் தோலில் கரியைப் போலப் படிகிறதே, அந்தப் பூஞ்சை இனத்திலிருந்து எடுப்பது! ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்தும் இரண்டு எலக்ட்ரான்களை அது பறிக்கிறது. அவை மின்முனைக்குப் போனால் மின்னோட்டம். சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். நொதியையும் மின்முனையையும் சேர்த்துச் சர்க்கரையை அளக்கும் யோசனையை 1962-ல் முன்வைத்தவர்கள் லீலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள்.

சரி, சிக்கல் எங்கே?

(திரையில்: நொதியின் குறுக்குவெட்டு, நடுவில் மின்னும் புள்ளி)

பறித்த எலக்ட்ரான்கள் புரதத்தின் அடியாழத்தில், எஃப்.ஏ.டி. என்ற பகுதியில் கிடக்கின்றன. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கயிறு எட்டவில்லை. இயற்கையில் ஆக்ஸிஜன் உள்ளே போய் அள்ளிக்கொண்டு, ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாறி வெளியே வரும். அந்தப் பெராக்ஸைடை வழக்கமான பிளாட்டினம் மின்முனையில் அளக்க ஏறத்தாழ 0.6 வோல்ட் வேண்டும். அந்த வோல்ட்டில் ரத்தத்திலுள்ள வைட்டமின் சியும், நீங்கள் காலையில் போட்ட பாராசிட்டமாலும்கூட எலக்ட்ரான் கொடுத்துக் கணக்கைக் கெடுக்கும். அதனால்தான் ஃபெரோசீன் போன்ற சிறு மூலக்கூறுகளை வாளியாக இறக்கினார்கள்.

வாளிக்குப் பதில் குழாயையே இறக்கினால்? 2003-ல் ஜெருசலேமில் வேதியியலாளர் இத்தமர் வில்னரின் குழு அதைச் செய்தது. நொதியிலிருந்து எஃப்.ஏ.டி.யைக் கழற்றி, வெறும் 1.4 நானோமீட்டர் தங்கத் துகளில் எஃப்.ஏ.டி.யைப் பொருத்தி, அதன்மேல் காலி நொதியை மறுபடி மாட்டினார்கள். ஆக்ஸிஜன் விநாடிக்குச் சுமார் 700 எலக்ட்ரான் அள்ளும் இடத்தில், இந்தத் தங்கம் மின்முனைக்கு 5,000 கடத்தியது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அப்புறம், நொதியே வேண்டாம் என்று நிக்கல், காப்பர் ஆக்ஸைடு நானோ துகள்களோடு வரும் ஆய்வுகள் ஏராளம். அவற்றில் பல நன்றாக வேலை செய்வது கடும் காரக் கரைசலில். நம் ரத்தத்தின் பி.எச். 7.4, கிட்டத்தட்ட நடுநிலை. ‘புதிய நானோ சென்சார்’ என்று செய்தி வந்தால், எந்தத் திரவத்தில் சோதித்தார்கள் என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

கடையில் ஜெயித்ததும் தங்கம் இல்லை. மேற்கையில் சுமார் இரண்டு வாரம் ஒட்டிக்கொள்ளும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சுகர் சென்சாரில் எலக்ட்ரானைக் கைமாற்றி விடுவது ஆஸ்மியம் என்ற உலோகம் கோத்த ஒரு பாலிமர்.