ஆர்மரை எர்த்தாக நம்பலாமா?

[காட்சி: பெங்களூரு பீன்யா. பட்டறைச் சுவரில் பேனல் போர்டு, அடியில் வரிசையாகக் கேபிள் கிளாண்டுகள்]

வணக்கம். இங்கே பேனல் வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, ஆர்மர்ட் கேபிள்தானே இழுத்திருக்கோம், அப்புறம் எதுக்குத் தனி எர்த்?"

நியாயமான கேள்வி. ஆர்மரை, அதாவது கேபிளின் உள்ளே வயர்களைச் சுற்றியிருக்கும் இரும்புக் கவசத்தை, எர்த் கண்டக்டராகப் பயன்படுத்த இடம் இருக்கிறது. ஆனால் இரும்பின் தடை தாமிரத்தைப் போல ஏறக்குறைய 8 மடங்கு. அதனால் கேபிள் நீளத்தையும் ஆர்மரின் குறுக்களவையும் வைத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் அது போதுமா என்று சொல்ல முடியும்.

[காட்சி: கேபிளின் மேலுறையில் அச்சிட்ட எழுத்துகள், நெருக்கத்தில்]

ஏ2எக்ஸ்எஃப்ஒய் என்று இருக்கிறதா? எஃப் என்றால் பட்டை ஆர்மர். அந்த இடத்தில் டபிள்யூ இருந்தால் உருண்டைக் கம்பி. குறுக்களவு இரண்டிலும் வேறு. தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள்.

சரி, கணக்கு சரியாக வந்துவிட்டது. அதற்குப் பிறகும் கெடுவது கிளாண்டில்தான், அதாவது கேபிள் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் உலோகப் பூட்டில்.

[காட்சி: பேஸ்மென்ட். தண்ணீர் பம்ப்பின் டெர்மினல் பாக்ஸ்]

ஒரு அப்பார்ட்மென்ட்டில் பம்ப்பைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். தனி எர்த் இல்லை, ஆர்மர் மட்டும்தான். மல்டிமீட்டர் வைத்தேன், பீப் அடித்தது. கிளாண்டைத் திறந்தால் ஆர்மர் பட்டைகளை ஒட்ட வெட்டி, டேப் சுற்றியிருந்தார்கள். ஒரே ஒரு பட்டை, துருப்பிடித்து, கிளாண்டின் உள்பக்கம் உரசிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டர் அனுப்பும் மிகச் சிறிய கரண்டுக்கு அந்த உரசலே போதும். வயர் பாடியில் பட்டால் பாயும் பெரிய ஃபால்ட் கரண்டுக்குப் போதாது.

எண்ணில் பாருங்கள். உரசலோடு சேர்த்து லூப்பின், அதாவது ஃபால்ட் கரண்ட் போய்த் திரும்பும் முழுப் பாதையின், மொத்தத் தடை 2 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 2 ஆல் வகுத்தால் 115 ஆம்பியர். சி கர்வ் வகை 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் பிரேக்கர்) உடனே விழுவதற்கு அதன் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு, அதாவது 160 முதல் 320 ஆம்பியர் வேண்டும். 115இல் அது சூடாகி விழப் பல விநாடிகள் ஆகும். தடையில் பெரும்பகுதி அந்த உரசலில்தான் என்றால், அத்தனை நேரமும் பம்ப் பாடியில் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் நிற்கும். ஈரத் தரையில் வாட்ச்மேன் கை வைக்கும் இடம் அது.

[காட்சி: கிளாண்ட் மாட்டும் கைகள், மெதுவாக]

ஆர்மர் பட்டைகளைக் கூம்பின் மேல் சுற்றிலும் பரப்புங்கள், ஒன்றும் விடாமல். நட்டை முறுக்கி இறுக்குங்கள். பாக்ஸில் பெயின்ட் இருந்தால் கிளாண்ட் உட்காரும் இடத்தில் சுரண்டுங்கள். சுரண்டியதை மட்டும் நம்பாமல் கிளாண்டோடு எர்த் டேக் (வயர் மாட்டும் உலோக வளையம்) போட்டு, அதிலிருந்து தாமிர வயரை எர்த் பாருக்குக் கொண்டு போங்கள். இரண்டு முனையிலும்.

மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் இன்னொன்று. 250 வோல்ட்டுக்கு மேல் ஓடும் மோட்டாரின் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. ஆர்மரை ஒன்றாக எடுத்துக்கொண்டாலும், இன்னொன்றுக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையோ தாமிர வயரோ ஓட்டித்தான் ஆக வேண்டும். அந்தப் பம்ப்புக்கு நான் கிளாண்டை மாற்றியதோடு நிறுத்தாமல் இரண்டு ஜிஐ பட்டை ஓட்டினேன். பிறகு லூப்பின் தடையை அளக்கும் லூப் இம்பீடன்ஸ் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சப்ளை கொடுத்தேன்.

பழைய சைட்டுக்குப் போனால் சப்ளையை நிறுத்திவிட்டு, பம்ப் பக்கக் கிளாண்டை முதலில் திறங்கள். பேனல் பக்கம் இன்ஸ்பெக்டர் பார்ப்பார் என்று ஒழுங்காகப் போட்டிருப்பார்கள்.