இடம்புரித் தங்கம், வலம்புரித் தங்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

சங்கில் இரண்டு வகை உண்டு. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இடம்புரி; வலம்புரி அபூர்வம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கும், ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒன்றோடு ஒன்று பொருந்தாது. மூலக்கூறுகளிலும் இந்தப் பேதம் இருக்கிறது. அதைக் கைத்தன்மை என்கிறோம். நம் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் கிளைசீனைத் தவிர மற்றவை எல்லாம் 'எல்' என்னும் இடது வகைதான்.

தங்கத்துக்கு அந்தப் பேதம் கிடையாது. அதன் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் அடுக்கியவை. கண்ணாடியில் பார்த்தாலும் அதே கனசதுரம்தான். அந்தத் தங்கத்தையும் முறுக்கலாம் என்று 2018-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கி-தே நாம் தலைமையிலான குழு நேச்சர் இதழில் காட்டியது.

செய்முறை கிட்டத்தட்ட சமையல்தான். பொடிப்பொடியான தங்க விதைகளைத் தங்க உப்புக் கரைசலில் விடுகிறார்கள். வைட்டமின் சி அந்த உப்பிலிருந்து தங்கத்தைப் பிரித்துத் தர, விதை வளர்கிறது. அதில் துளியளவு சிஸ்டீன் என்னும் அமினோ அமிலமோ குளுட்டாதயோனோ சேர்க்கிறார்கள். குளுட்டாதயோன் மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் பெப்டைடு. நம் செல்களிலேயே இருப்பது. இரண்டிலும் கந்தகம் உண்டு. கந்தகம் தங்கத்தைக் கண்டால் விடாது, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

என்னை மலைக்க வைப்பது இதற்கு அப்புறம் நடப்பதுதான். வளரும் தங்கத்தின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. அணு அளவில் படிகளும், படி திரும்பும் மூலைகளும் இருக்கும். அந்த மூலைகளில் பாதி இடம்புரி, பாதி வலம்புரி. எல்-வகைப் பெப்டைடு அவற்றில் ஒரு வகையில் மட்டும் கூடுதல் இறுக்கமாக ஒட்டுகிறது. இரு பக்கமும் ஒரே வேகத்தில் வளர முடியாமல் விளிம்புகள் வளைகின்றன. எண்முக விதையோடு குளுட்டாதயோன் சேரும்போது, கனசதுரம் போல வளரும் துகளின் ஆறு முகங்களிலும் காற்றாடி இறக்கை போலச் சுழித்த கைகள் எழும்பிவிடுகின்றன! 'டி' என்னும் வலது வகை சிஸ்டீன் போட்டால், எல்-வகை தரும் வடிவத்தின் கண்ணாடிப் பிம்பம் கிடைக்கிறது.

இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளிகளுக்கு ஒரு பொருள் காட்டும் வித்தியாசத்தை ஜி-காரணி என்ற எண்ணால் சொல்வார்கள். தனி மூலக்கூறுகளுக்கு அது பொதுவாக ஆயிரத்தில் ஒன்று, அல்லது அதற்கும் கீழே. இந்தக் காற்றாடித் துகளுக்கு 0.2. அதுவும் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே. முடியின் பருமனில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாத துகள் இது!

ஒரே மருந்தின் இடது, வலது வடிவங்கள் உடம்பில் வேறு வேறாக வேலை செய்யலாம். 2022-இல் அதே குழு இத்துகள்களை ஒரு தளத்தில் வரிசையாக அடுக்கி, கரைசலில் இருக்கும் மூலக்கூறு எந்த வகை என்று ஒளியை வைத்தே பிரித்துக் காட்டியது.

நன்றி, வணக்கம்.