கயித்தை எப்ப விடணும்? குதிரைகளோட பாஷை புரிஞ்ச சில பேர் கதை

வணக்கம் மக்களே! ஒருத்தர் குதிரை பக்கத்துல போய் நிப்பாரு. காதுல ஏதோ சொல்ற மாதிரி இருக்கும். அதுவரைக்கும் எகிறிக்கிட்டு இருந்த குதிரை பெட்டிப்பாம்பா அடங்கிடும். பின்னாடி வயலின் வேற. இந்த மாதிரி ரீல்ஸ் உங்களுக்கும் வந்திருக்கும். மந்திரமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா நிஜமா அங்க என்ன நடக்குதுங்கிறது மந்திரத்தை விட சுவாரசியம்.

முதல்ல குதிரையைப் பழக்கற பழைய முறையைச் சொல்லிடறேன். அமெரிக்காவோட மேற்குப் பக்கப் பண்ணைகள்ல குதிரைங்க சில வருஷம் மேய்ச்சல் காட்டுலயே, மனுஷன் கை படாம வளரும். அப்புறம் பிடிச்சுட்டு வந்து, கட்டிப் போட்டு, சேணத்தை இறுக்கி, ஒருத்தன் மேல ஏறி உக்காந்துடுவான். அது துள்ளித் துள்ளி ஓஞ்சு போற வரைக்கும் விட மாட்டான். இதுக்குன்னே ஆட்கள் இருந்தாங்க. தலைக்கு இவ்வளவுன்னு கூலி. அப்படிக் கூலி குடுத்தா, ஒரே குதிரையோட பொறுமையா ஒரு வாரம் உக்கார யாருக்கு மனசு வரும்?

இது தப்புன்னு சொன்னவங்க ரொம்ப முன்னாடியே இருந்தாங்க. கி.மு. 4ஆம் நூற்றாண்டுலயே கிரேக்கத்துல ஸெனஃபோன்ங்கிற எழுத்தாளர் குதிரையேற்றம் பத்தித் தனியா ஒரு நூல் எழுதியிருக்காரு. சாட்டையால அடிச்சு ஒருத்தனை ஆட வெச்சா அந்த ஆட்டத்துல அழகு இருக்குமா, குதிரையும் அப்படித்தான்னு கேக்கறாரு. ஆனா யாரு கேட்டா?

இப்ப 1858, லண்டன். ஒஹாயோ மாநிலத்துல இருந்து ஜான் ராரேன்னு ஒரு வாலிபர் வர்றாரு. விக்டோரியா ராணி முன்னாடியே குதிரையை அடக்கிக் காட்டுறாரு. அவர் பேரைத் தூக்கி நிறுத்துனது க்ரூசர்ங்கிற ஒரு பந்தயக் குதிரை. பக்கத்துல யாரும் போக முடியாது, கடிச்சுக் குதறிடும். வாய்க்கு இரும்புக் கூடு மாட்டி வெச்சிருந்தாங்க. ராரே சில மணி நேரத்துல அதை வழிக்குக் கொண்டு வந்தாரு. அப்புறம் அமெரிக்காவுக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. லண்டன் மிருகக்காட்சிசாலை வரிக்குதிரையைக் கூட விட்டு வைக்கல மனுஷன்.

சரி, எப்படிச் செஞ்சாரு? முன்னங்கால் ஒண்ணை மடக்கி வார் போட்டுக் கட்டுவாரு. குதிரை கொஞ்ச நேரம் போராடிட்டுக் கீழ படுத்துடும். அதுக்கப்புறம் அடி கிடையாது, அதட்டல் கிடையாது. உடம்பெல்லாம் தடவிக் குடுத்து, ‘பாரு, உனக்கு ஒண்ணும் ஆகல’ன்னு காட்டுவாரு. அந்தக் காலத்துச் சாட்டையோட ஒப்பிட்டா இது எவ்வளவோ மேல். ஆனா ஓட்டத்தை நம்பியே பொழைக்கிற ஒரு பிராணியோட காலைக் கட்டிட்டா, அது அமைதியாச்சா, இல்ல இனி வழியில்லன்னு விட்டுடுச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்து டாம் டோரன்ஸ். 1910ல பொறந்தவர், ஒரிகன்ல பண்ணைக் குடும்பம். குதிரை பழக்கறவர். அண்ணன் பில்லும் அப்படித்தான். டாம் மேடை ஏறி விளம்பரம் தேடுன ஆள் கிடையாது. 1960 வாக்குல ரே ஹன்ட்ங்கிற மாட்டுப் பண்ணைக்காரருக்கு ஹான்டோன்னு ஒரு குதிரை, படாத பாடு படுத்துது. டாம்கிட்ட போறாரு. அங்கதான் எல்லாமே ஆரம்பிக்குது.

டாம் சொன்ன விஷயம் என்னன்னா, நீங்க கயித்தை இழுக்கும்போது குதிரை எதையும் கத்துக்கறதில்ல. விடறீங்க பாருங்க, அந்த நொடியிலதான் கத்துக்குது. கயித்தை லேசா ஒரு பக்கமா எடுக்கறீங்க. வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, அப்படியே பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கணும். குதிரை கால் கூட எடுத்து வைக்க வேணாம். எடையை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சாலே போதும், உடனே தளர்த்திடணும். ‘ஓ, இதைத்தான் கேட்டியா’ன்னு அதுக்குப் புரியும். அரை நொடி தாமதமா விட்டா அந்தப் பாடம் கலைஞ்சு போயிடும். இன்னும் மோசம், அது தலையைத் தூக்கி முறைச்சுக்கிட்டு நிக்கும்போது கை வலிக்குதுன்னு விட்டுட்டீங்கன்னா, முறைச்சா விட்டுடுவாங்கன்னு நீங்களே கத்துக் குடுத்துட்டீங்க! ஒரு ஈ உக்காந்தாலே தோலைச் சிலிர்த்துத் துரத்துற உடம்பு அது. அதுகிட்ட முரட்டுத்தனமாப் பேச அவசியமே இல்ல.

ரே ஹன்ட் இதை ஊர் ஊராக் கொண்டு போனாரு. 1970கள்ல இருந்து பயிற்சி முகாம், ஆஸ்திரேலியா வரைக்கும். ஆளுங்க பணம் கட்டி வந்து உக்காந்தா, ‘நான் குதிரைக்காகத்தான் வந்திருக்கேன்’னு ஆரம்பிப்பாராம். கெத்து! அவர்கிட்ட கத்துக்கிட்டவர்தான் பக் ப்ரானமன். சின்ன வயசுல அப்பாகிட்ட அடி வாங்கி, வளர்ப்புக் குடும்பத்துல வளந்தவர். அவரைப் பத்தின ஆவணப்படம் 2011ல வந்துச்சு. பயந்த குதிரையைப் பாத்தா அவருக்கு ஏன் உடனே புரியுதுன்னு நான் தனியா விளக்க வேணாம்.

இன்னொரு பக்கம் மான்டி ராபர்ட்ஸ், இவரும் குதிரை பழக்கறவர், கலிஃபோர்னியாக்காரர். 1989ல எலிசபெத் ராணி வின்ட்ஸர் கோட்டைக்கே கூப்பிட்டாங்க. வட்டமான வேலிக்குள்ள குதிரையை விட்டு, நேருக்கு நேர் பாத்து விரட்டுவாரு. சுத்திச் சுத்தி ஓடும். உள்பக்கக் காது இவர் மேல திரும்பும், தலை தாழும், வாயை மெல்லும். அப்ப இவர் பார்வையை எடுத்துட்டு முதுகைக் காட்டித் திரும்பிடுவாரு. குதிரை பின்னாடியே வரும். பாக்கறப்ப புல்லரிக்கும், பொய் சொல்லல. குதிரை அவரைத் தலைவனா ஏத்துக்கிச்சுன்னு சொல்லுவாங்க.

2012ல சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? வட்டத்துக்குள்ள மனுஷனுக்குப் பதிலா ஒரு ரிமோட் பொம்மைக் காரை விட்டாங்க. குதிரை விலகிப் போனா கார் சத்தத்தோட துரத்தும். திரும்பிப் பாத்து நெருங்குனா நின்னுடும். கொஞ்ச நேரத்துல குதிரை காரைத் தேடிப் போக ஆரம்பிச்சிருச்சு. பொம்மைக் காரைத் தலைவன்னு நினைச்சிருக்குமா என்ன?

அதுக்காக மான்டி ஏமாத்தறாருன்னு நான் சொல்லல. துரத்தல் நிக்கற நிம்மதிதான் அங்கயும் வாத்தியார். டாமோட கயிறும் அதேதான். வித்தியாசம் அளவுல இருக்கு. ஒருத்தர் விரல் நுனியில கேக்கறாரு, இன்னொருத்தர் தப்பிக்க மூலையே இல்லாத வட்டத்துல ஓட விட்டுக் கேக்கறாரு. என்னைக் கேட்டா நான் டாம் பக்கம்தான்.

இன்னிக்கு அமெரிக்காவுல இதுக்குப் போட்டியே நடத்தறாங்க. பழக்காத இளங்குதிரையை மூணே நாள்ல ஏறி ஓட்டிக் காட்டணும். திறமைசாலிங்கதான், மறுக்கல. ஆனா பில் டோரன்ஸ் உயிரா நினைச்ச பழைய கலிஃபோர்னியா வகேரோ முறையில, அதாவது குதிரை மேல போய் மாடு மேய்க்கறவங்களோட முறையில, முதல்ல வாயில எதுவுமே இல்லாம, மூக்கு மேல சுத்தி வர்ற கயிறு மட்டும் போட்டுப் பழக்குவாங்க. அப்புறம் ரெட்டை லகான், அதாவது மூக்குக் கயிறும் கடிவாளமும் சேர்ந்து. கடைசியாத்தான் முழுக் கடிவாளம். வருஷக்கணக்கா ஆகும். அந்த மூக்குக் கயித்தைப் பச்சைத் தோல்ல கையாலயே பின்னுவாங்க, அது தனிக் கலை. அடுத்த வீடியோல அதைத்தான் எடுக்கப் போறேன். வரேன், டாட்டா!