இரங்கல் செய்தியில் என்ன எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு மறைவுச் செய்தி வருகிறது. சற்று நேரத்தில் கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுகின்றன. நடுநடுவே ‘ஆழ்ந்த இரங்கல்’, ‘ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம்’. முன்னவர் எழுதியதை அப்படியே நகலெடுத்து ஒட்டுபவர்களும் உண்டு. தவறொன்றுமில்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டது போல. ஆனால் தாயை இழந்தவர் நள்ளிரவில் தூக்கம் வராமல் அவற்றைப் புரட்டும்போது, அம்மாவைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இருக்காது.

அதியமான் இறந்தபோது ஔவையார் என்ன பாடினார்? கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து அருந்துவான் என்றார். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்றார். மாவீரன், வள்ளல் என்று எத்தனை பட்டங்களை அடுக்கியிருந்தாலும் அந்த மனிதன் இப்படி நம் கண்முன் வந்து நின்றிருக்க மாட்டான்.

நமக்கு ஔவையின் புலமை வேண்டாம். ‘தேக்கா சந்தையில் எப்போது பார்த்தாலும் உங்கள் அம்மா என் பையை எட்டிப் பார்த்து, இந்த முருங்கைக்காய் முற்றல் என்பார். அவர் சொன்னால் அது முற்றலாகத்தான் இருக்கும்.’ இது போதும்.

சிங்கப்பூரில் நம் தமிழரிடையே இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் இருக்கிறோம். முஸ்லிம் நண்பர் வீட்டில் நல்லடக்கம் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். மறுநாள் போய், ‘எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?’ என்று கேட்டு நிற்காதீர்கள். அவரவர் சமயத்துக்குரிய வாசகம் சரியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

‘எப்படி நடந்தது?’ என்ற கேள்வி வேண்டாம். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அவர் ஓய்ந்திருப்பார். ‘தொண்ணூறு வயது, கல்யாணச் சாவு’ என்பதை அந்த வீட்டார் சொல்லலாம், நாம் சொல்லக்கூடாது. ‘எந்த உதவியானாலும் கேளுங்கள்’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. கேட்பதையும் அவர் தலையிலேயே கட்டுவானேன்? ‘வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டை உங்கள் இரும்புக் கதவில் மாட்டிவிட்டுப் போகிறேன். பதில் எழுத வேண்டாம்’ என்று எழுதிப் பாருங்கள்.

துக்க விடுப்பை இங்கே சட்டம் கட்டாயமாக்கவில்லை. முதலாளி தருவதுதான், பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். மண்டாய் தகனச்சாலையிலிருந்து திரும்பிய அதே வாரம் வேலைக்குப் போகிறார்கள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தால் தொலைபேசி அடங்கிவிடும். தாமதமாகிவிட்டதே என்று கூசிக்கொண்டிருப்பவர்கள் அப்போது எழுதலாம். முதல் தீபாவளிக்கு அந்த வீட்டில் பண்டிகை இருக்காது. எல்லாருக்கும் மொத்தமாகப் போகும் வாழ்த்துப் படத்திலிருந்து அந்த எண்ணை நீக்கிவிட்டு, அவருக்கென்று தனியாக இரண்டு வரி எழுதுங்கள்.

வணக்கம்.