அந்தோணியார் முன் வைத்த படகுப் பத்திரம்

நேயர்களுக்கு வணக்கம். கச்சத்தீவு என்றதும் நம்மில் பலருக்கு ஒப்பந்தமும் வழக்கும் தேர்தல் மேடையும்தான் நினைவுக்கு வரும். ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புள்ள, நல்ல தண்ணீர் கிடைக்காத, இலங்கைக் கடற்படையினரைத் தவிர வேறு யாரும் குடியிராத அந்தத் தீவில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் இரண்டு நாள் நடைபெறும் புனித அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்து மீனவக் குடும்பங்களோடு விசைப்படகில் சென்று வந்தவன் என்ற முறையில், அங்கே கண்டதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

அங்குள்ள பழைய கோவிலை நம்புதாளைப் பக்கத்து மீனவர் ஒருவர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினார் என்பது கரையோரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் தீவு இலங்கையின் பக்கம் போனபோதும், இந்திய மீனவர்களும் திருப்பயணிகளும் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் அங்கு வந்து போகலாம் என்று அதிலேயே எழுதப்பட்டது. போர்க்காலத்தில் விழா தடைபட்டுக் கிடந்தது. 2009-இல் போர் முடிந்த பின்னரே இரு கரை மக்களும் மறுபடி பெருந்திரளாகக் கூடத் தொடங்கினார்கள்.

கூடுகிறவர்கள் யார் என்பதைச் சொல்லாமல் அந்தக் கூடுகையின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. இந்தப் பக்கத்தில், கடலுக்குப் போன கணவனோ மகனோ எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்க, பல இலட்சம் கடன் வாங்கிக் கட்டிய படகு இலங்கைக் கரையில் மயிலிட்டியிலோ காரைநகரிலோ வெயிலிலும் மழையிலும் இற்றுக்கொண்டிருக்க, வட்டியை மட்டும் தவறாமல் கட்டிவரும் குடும்பங்கள். அந்தப் பக்கத்தில், போரில் இடம்பெயர்ந்து, ஊர் திரும்பி, கையில் இருந்ததையெல்லாம் போட்டு வலை வாங்கி, அந்த வலையை நம்முடைய இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போவதைப் பார்த்து நிற்கும் நெடுந்தீவு, யாழ்ப்பாணத்து மீனவர்கள். ஒருவர் வயிற்றில் மற்றவர் அடிக்கிறார் என்று இருவருமே உறுதியாக நம்புகிறார்கள். வலை இழந்த அந்தக் கரையினரின் குறையில் நியாயம் மிகுதி என்பது என் கருத்து, அதை இராமேசுவரத்து நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

மாலையில் கொடியேற்றம் முடிந்து சிலுவைப்பாதை தொடங்கும் நேரத்தில், தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஓர் அம்மா, நெகிழித்தாளில் சுற்றிய படகுப் பதிவுச் சான்றின் நகலை அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் வைத்தார். காணாமற்போன பொருளைத் தேடித் தருபவர் என்று உலகெங்கும் கத்தோலிக்கர் அந்தோணியாரிடம் வேண்டுவது வழக்கம். “கோடி அற்புதரே, எங்க படகு காணாமப் போகல, எங்க நிக்குதுன்னு எங்களுக்கே தெரியும், அவங்க மனசை மட்டும் மாத்திக் குடுங்க” என்று அவர் வாய்விட்டே மன்றாடினார். அருகில் மெழுகுவர்த்தியோடு நின்ற யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் இதைக் கேட்டு, “அக்கா, எங்கட வலைக்கும் சேர்த்துக் கேளுங்கோ” என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கிண்டலும் இருந்தது, உரிமையும் இருந்தது.

தேர்ப்பவனி முடிந்த பிறகு அங்கே உறங்குகிறவர்கள் குறைவு. மணலில் பாய் விரித்து, கொண்டுவந்த கட்டுச்சோற்றைப் பிரித்து, திருமண உறவால் இரு கரையிலும் பிரிந்துபோன குடும்பங்கள் பிள்ளைகளை அறிமுகம் செய்துவைக்கின்றன. இங்கிருந்து போன புடவைக்கும் அங்கிருந்து வந்த சவர்க்காரத்துக்கும் பேரம் நடக்கிறது. நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் கத்தோலிக்கர்கள் ஒருபுறம் பாடுகிறார்கள். நேர்ச்சை வைத்து வந்த இந்து மீனவர்கள் மறுபுறம் அமர்ந்திருக்கிறார்கள்.

வெளியிலிருந்து போகிற நம்மைப் போன்றவர்கள், ஏழைகள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று வியந்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்த வியப்பில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் துன்பத்தை மறந்து மகிழவில்லை. கடன் எவ்வளவு, வழக்கு எந்த நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் அந்தப் பாயில் அமர்ந்தே பேசுகிறார்கள். காலைத் திருப்பலிக்கு மணி அடித்ததும் அதே பேச்சோடுதான் எழுந்து போகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கை கணக்குக் கேட்கிற நம்பிக்கை. அந்தோணியாரிடம் முறையிடுவார்கள், கோபித்துக்கொள்வார்கள், அடுத்த ஆண்டு மறுபடியும் வந்து நிற்பார்கள்.

ஒரே ஓர் ஆண்டை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். பிடிபட்ட மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து, 2024 பிப்ரவரியில் இராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். ஆண்டில் தமக்குக் கிடைக்கும் அந்த ஒரு மகிழ்ச்சியையும் விட்டுக்கொடுத்து அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பதை நம் செய்தித்தாள்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். 2025 மார்ச்சில் படகுகள் மீண்டும் புறப்பட்டன. அதற்குள் அவர்களுடைய கோரிக்கை எதுவும் தீர்ந்திருக்கவில்லை.